ஆமை ஏன் வாவியின் நடுவில் நின்றது

முனாஸ் ஸ்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தபோது அவருக்கு ஸ்பானிய மொழி தெரிந்திருந்தது. அவரால் பயிற்சி நிலையத்துக்கு வந்த முதலாவது சங்கடம் அது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வீடு. உல்லாசப் பயணிகளுக்கு வேன் ஓட்டத் தொடங்கிப் பத்தொன்பது வருடம். ஆகஸ்ட் மாதத்தில் கண்டிக்கு வந்திறங்கும் ஸ்பெயின்காரர்களோடு பேசிப் பேசி, எது பெயர்ச்சொல் எது வினைச்சொல் என்று தெரியாமலே, அந்த மொழியில் கோபிக்கவும் சமாதானம் செய்யவும் பொய் சொல்லவும் பழகியிருந்தார். பொய் சொல்வதில் மட்டும் அவருக்குத் தெரிந்த நாலு மொழியிலும் ஒரே சரளம். கண்டியில் அவர் கதை சொல்லாத கல்லும் இல்லை, மரமும் இல்லை.

இந்த வருடம் கம்பனியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அங்கீகரிக்கப்பட்ட மொழிச் சான்றிதழ் இல்லாத சாரதிகள் ஆகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து பயணிகளுக்கு எதையும் விளக்கக் கூடாது. "காலை வணக்கம்", "கவனமாக இறங்குங்கள்", "இது உங்களுடைய பை" ஆகிய மூன்று வாக்கியங்களுக்கு மாத்திரம் அனுமதி உண்டு.

முனாஸ் அதை மனைவி ஸுமைராவுக்கு வாசித்துக் காட்டினார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"மூணு பேச்சோட ஒரு நாளக்கி ஈக்கேலுமா ஒங்களுக்கு?"

"ஏலா."

"அப்ப போய் அந்த சேட்டிபிக்கட்ட எடுத்திட்டு வாங்க. வேன்ல பேசாததெல்லாம் இங்க வந்து எங்கிட்ட பேசினா நான் உம்மா வீட்டுக்குப் பெய்த்திருவன்."

அங்கீகரிக்கப்பட்ட இடம் கண்டியில் ஒன்றுதான். மத்திய மலைநாட்டு அந்நிய மொழிப் பயிற்சி மேம்பாட்டு நிலையம். பெயர்ப்பலகை கட்டடத்தை விட இரண்டு அடி நீளம் என்பதால் கடைசிச் சொல் பக்கத்துக் கட்டடத்தின் சுவரில் இருந்தது. பன்னிரண்டு கிழமைப் பாடநெறி. முழுப் பாடநெறிக்கும் ஒரே ஒரு நூல்: கண்டிப் பக்கத்துப் பழைய ஐதீகம் ஒன்றை வைத்து ஸ்பெயின் எழுத்தாளர் ஒருவர் எழுதிய தொண்ணூற்று நாலு பக்கக் குறுநாவல். அதன் நாற்பது பிரதிகள் ஸ்பெயினிலிருந்து அன்பளிப்பாக வந்து, வகுப்பறை மூலையில் கண்ணாடி அலுமாரிக்குள் அடுக்கப்பட்டிருந்தன. அலுமாரியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டி, முன்னால் பூப்போல முடிச்சுப் போட்டிருந்தது.

ஆசிரியை வதனா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல கெட்டிக்காரி, ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பதால் கெட்டித்தனத்தை அளவோடு பாவிப்பாள்.

"இந்தப் பன்னிரண்டு கிழமையும் நாங்கள் இந்தக் குறுநாவலைத்தான் ஆழமாப் படிக்கப் போறம்" என்று அலுமாரியைக் காட்டினாள்.

பன்விலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் துஷானி கையை உயர்த்தினாள். "மிஸ், புத்தகத்த எப்ப குடுப்பீங்க?"

"திறப்பு விழா முடிய."

"அது எப்ப மிஸ்?"

"பிரதம அதிதி திகதி தர."

"அது வரைக்கும் என்னத்த படிக்கிறது?"

"புத்தகத்தைத்தான்."

துஷானி தலையாட்டிவிட்டுக் கொப்பியில் திகதி எழுதினாள். "எங்க தோட்டத்துலயும் கக்கூஸ் கட்டி ரெண்டு வருஷம் ஆச்சு அண்ணே" என்று முனாஸிடம் மெதுவாகச் சொன்னாள். "தெறக்கிறதுக்குப் பெரிய ஆளு வரல. பூட்டியே கெடக்கு. பழகிருச்சு."

முதல் மூன்று கிழமையும் அட்டைப்படம். மாணவர் பன்னிரண்டு பேரும் வரிசையில் போய், கண்ணாடி வழியாக ஆளுக்கு இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வந்து, கண்டதை ஸ்பானிய மொழியில் எழுத வேண்டும். முனாஸின் முறை வந்தது. குனிந்து பார்த்தார். ஒரு வாவி. நடுவில் தீவு. தண்ணீரில் ஓர் ஆமை. ஆமையின் முதுகில் விளக்கு.

இரண்டு நிமிடம் முடிந்த பிறகும் அவர் நிமிரவில்லை. பின்னால் நின்றவர் தோளில் தட்ட வேண்டியிருந்தது.

ஒன்பது வருடங்களுக்கு முன், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் வேனின் பின் இடது டயர் காற்றுப் போனது. உள்ளே நீலத் தொப்பி போட்ட ஒரு ஸ்பெயின் அம்மா தனியாக இருந்தாள். வெயிலுக்கும் தாமதத்துக்கும் சேர்த்து அவள் முகம் கறுக்கத் தொடங்கியது. முனாஸ் வேனைத் தூக்க ஜக்கை வைத்துக்கொண்டே, அவளுடைய கோபத்தை ஆற்ற, வாயில் வந்த ஒரு கதையைச் சொல்லத் தொடங்கினார். "இ தெஸ்புவேஸ்?" என்று கேட்டாள் அந்த அம்மா. அதற்கு, "பிறகு என்ன?" என்று அர்த்தம். ஒரு நட்டுக்கு ஒரு தடவை கேட்டாள். ஐந்து நட்டு. ஐந்தாவது நட்டை இறுக்கி முடித்தபோது கதையில் ஆமை வாவியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. "ஏறுங்கள் அம்மா" என்று சொல்லி, கையைத் துடைத்து, வேனை எடுத்துவிட்டார். பிறகு அந்த ஆமையை அவர் நினைக்கவே இல்லை.

இப்போது அது நாற்பது பிரதிகளாக வந்து நிற்கிறது.

நாலாவது கிழமை ஒரு பிரச்சினை கிளம்பியது. அட்டையில் ஆமைக்கு மூன்று கால்தான் தெரிந்தது. நாலாவது கால் மற்றப் பக்கம் இருக்கிறதா, ஐதீகத்திலேயே இல்லையா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விஷயம் பணிப்பாளர் விமலநாதன் வரைக்கும் போனது. அவர் கழுத்துப்பட்டியோடு வகுப்புக்கு வந்து, அலுமாரியை ஒரு தடவை வலம் வந்தார்.

"நான்காவது கால் உண்டெனக் கருதப்படும்" என்றார். "இதற்குரிய சுற்றறிக்கை நாளைக்கு வரும். ஆனால் இந்த விவாதத்தை நான் பாராட்டுகிறேன். ஒரு நூலை வாசிப்பது சுலபம். எவரும் வாசிக்கலாம், வீட்டிலேயே வாசிக்கலாம். வாசிக்காமல் கற்பிப்பதற்குத்தான் ஒரு நிறுவனம் தேவைப்படுகிறது."

எல்லோரும் கை தட்டினார்கள். முனாஸும் தட்டினார்.

ஆறாவது கிழமை, கதை என்னவாக இருக்கும் என்று எதிர்வுகூறும் பயிற்சி. மூன்று பேர் கதை சொன்னார்கள். ஆமை சாபம் பெற்ற இளவரசன் என்றார் ஒருவர். ஆமை ஓர் ஆசிரியர், விளக்கு கல்வி என்றார் இன்னொருவர். அவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். மூன்றாவதாக முனாஸ் எழும்பினார்.

"ராசாட மகளுக்கு இருட்டுண்டா பயம் மிஸ். அவ தீவில தனிய ஈந்த. பொழுதுபட்டு ஒவ்வொரு மஃரிபுக்கும் ராசா ஒரு ஆமைட முதுகில வெளக்க வெச்சி அனுப்புற. ஆமை போய்ச் சேர சுபஹு ஆகிரும். விடிஞ்சதுக்குப் பொறகு வெளக்கு வந்து என்னத்துக்கு? ஆனா ஆமை ஒரு நாளும் தவறல்லண்டு ராசா அதுக்குப் பட்டம் குடுத்த, ஒதவிக்கு இன்னொரு ஆமையயும் போட்ட. மகள் இருட்டிலேயே ஈந்த. ஒரு நாள் ஆமை நடுக் கொளத்தில நிண்டிட்டு."

வதனா எழுதுகோலைக் கீழே வைத்தாள்.

"ஏன் நிண்டது?"

"அது தெரியா மிஸ். அந்நேரம் டயர் மாத்தி முடிஞ்சிட்டு."

வதனா பலகையில் எழுதினாள்: முனாஸ் – காரணம் குறிப்பிடவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. இளவரசனுக்கு ஒன்பது, அதிபருக்கு இரண்டு, முனாஸுக்கு ஒன்று. அந்த ஒன்று முனாஸுடையது. துஷானி இளவரசனுக்குப் போட்டாள். "கோவிக்காதீங்க அண்ணே. நீங்க சொன்னது நல்லாதான் இருந்திச்சு. ஆனா பரீட்சையில வராது" என்றாள்.

அவள் சொன்னது சரி. வென்ற கதை உபகுழுவுக்குப் போய், 'ஏற்றுக்கொள்ளப்பட்ட கதை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. ஏழாவது கிழமை அதிலிருந்து கேள்விகள் எடுத்தார்கள். எட்டாவது கிழமை மாதிரி விடைகள் வந்தன. ஆமை வாவியின் நடுவில் நின்றதை முனாஸ் வாய்விட்டுச் சொல்லியிருந்ததால் அதை மட்டும் இளவரசன் கதையில் ஒட்டிக்கொண்டார்கள். அதற்கான மாதிரி விடை இரண்டு பக்கம்: ஆமை நிற்கவில்லை, நிலைத்தது, இயங்காமை என்பது இயக்கத்தின் உயர்ந்த வடிவம், நிலையத்தின் நோக்கக்கூற்றும் அதுவே. ஒன்பதாவது கிழமை வினாத்தாள் அச்சுக்குப் போனது.

இதற்கிடையில் பிரதம அதிதி நாலு திகதி தந்து நாலையும் மாற்றினார். ஒரு தடவை மழை. ஒரு தடவை மண்சரிவு. ஒரு தடவை அன்றைக்கு வேறொரு திறப்பு விழா. ஒரு தடவை காரணம் தெரிவிக்கப்படவில்லை. அதற்கும் நன்றிக் கடிதம் போனது. காத்திருந்த நாட்களில் மாணவர் வெற்றிலை கொடுக்கவும் கும்பிடவும் ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகைக்குப் பழைய தொலைபேசி விபரக்கொத்து ஒன்றுக்கு நாடா கட்டினார்கள். அதுவரைக்கும் பாடநெறியில் அவர்கள் கையால் தொட்ட ஒரே புத்தகம் அதுதான்.

பதினோராவது கிழமை அவர் வந்தே விட்டார். கொழும்பிலிருந்து வந்த மேலதிகச் செயலாளர். மேளம், நடனம், குத்துவிளக்கு, வரவேற்புரை, வரவேற்புரையை வரவேற்று ஓர் உரை. பிறகு அவர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"நான் இந்த நூலை வாசிக்கவில்லை. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, ஏனென்றால் திறக்காத நூலை வாசிப்பது முறைகேடு. ஆனால் ஒன்று சொல்வேன். இது எங்களுடைய ஐதீகம். ஆயிரம் வருடமாக எங்கள் மூதாதையர் சொல்லி வந்த கதை. அதை நாங்கள் மறந்துவிட்டோம். ஸ்பெயின்காரர்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது."

முனாஸ் வெற்றிலைத் தட்டோடு மேடைக்குக் கீழே நின்றார். தன் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் எதுவும் இவ்வளவு வயது போனதாக அவருக்கு நினைவில்லை.

நாடா வெட்டப்பட்டது. அலுமாரிக் கதவு திறந்தது. படம் எடுத்தார்கள். கதவு மூடப்பட்டது. நாலு நாள் கழித்து, பரீட்சைக்கு மூன்று நாள் இருக்க, மாணவருக்கு ஆளுக்கொரு பிரதி கொடுத்தார்கள். துஷானி தன்னுடையதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தாள்.

முனாஸ் மட்டும் வாசித்தார். வாவிக்கரையில் பயணிகளை இறக்கிவிட்டு, வேனுக்குள் இருந்து முன்னுரையைப் பிரித்தார். "கண்டி மலைகளில் வாழும் வயோதிப ஞானி ஒருவர், ஆற்றங்கரையில் மண்டியிட்டு அமர்ந்தபடி, தலையைக் குனிந்து, இந்தப் புராதன ஐதீகத்தை எனக்கு அருளினார்" என்று அந்த நீலத் தொப்பி அம்மா எழுதியிருந்தாள். மண்டியிட்டது உண்மை. டயரை வேறு எப்படிக் கழற்றுவது? பிறகு ஐந்து அத்தியாயம். ஐந்திலும் அவர் சொன்னது அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஆமை வாவியின் நடுவில் நின்றது. அதோடு நாவல் முடிந்தது. இளவரசன் எந்த இடத்திலும் இல்லை.

அடுத்த நாள் பணிப்பாளரின் அறைக்குப் போனார். விமலநாதன் கதிரையைக் காட்டினார்.

"சேர், இது எண்ட கதை."

"எங்கள் எல்லாற்றை கதையும்தான். விழாவிலை அதைத்தானே சொன்னவை."

"அப்பிடியில்ல சேர். இத நான் பொய்க்குச் சென்ன. கட்டுகஸ்தோட்டப் பாலத்தடில, டயர் மாத்தக்கொள்ள."

விமலநாதன் நூலை வாங்கி முன்னுரையைப் பார்த்தார். அந்த நூலின் ஒரு பக்கத்தை அவர் வாசித்தது அதுதான் முதல் தடவை என்பதால் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வயோதிப ஞானி எண்டு கிடக்கு. உங்களுக்கு அப்ப என்ன வயது?"

"முப்பத்தெட்டு."

"ஞானியோ?"

"இல்ல சேர். டிரைவர்."

"பாருங்கோ. இரண்டும் பொருந்தேல்லை."

"அஞ்சு அத்தியாயம் ஈக்குதே சேர், அது அஞ்சு நட்டு."

"ஐம்பூதங்கள். வினாத்தாள் அடிச்சாச்சு."

"சேர், நாங்க படிச்ச கதை இந்தப் புத்தகத்திலேயே இல்லயே."

"அது எனக்கும் தெரியவந்தது" என்றார் விமலநாதன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஒரு தகப்பனின் களைப்பு இருந்தது. "எழுத்தாளருக்குக் கடிதம் போட்டிருக்கிறம். அடுத்த பதிப்பிலை திருத்துவா. நீங்கள் போய்ப் படியுங்கோ. நிலையத்துக்குப் புத்தகத்தாலை ஒரு கெட்ட பேரும் வரக் கூடாது."

பரீட்சை அன்று காலையில் ஸுமைரா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "நெசம் எது பொய் எதுண்டு வீட்டுக்கு வந்து பேசலாம். அங்க அவங்க கேக்கிறத எழுதிட்டு வாங்க."

"செரி."

"நீங்க பொய் செல்லாத ஆளா? இண்டக்கி ஒரு நாளு மத்தவங்கட பொய்யச் செல்லுங்க."

அவர் அப்படியே செய்வதாகத்தான் போனார். முதல் ஐந்து கேள்விகளுக்கும் இளவரசன், சாபம், ஐம்பூதம் என்று எழுதினார். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. வேறு யாரோ வேன் ஓட்டத் தான் பின்னால் இருக்கிற மாதிரி இருந்தது. ஆறாவது கேள்விக்கு இருபது புள்ளி. "ஆமை வாவியின் நடுவில் நின்றது ஏன்? சரியான காரணத்தை விளக்குக."

மாதிரி விடையின் இரண்டு பக்கத்தையும் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒரு வரியும் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. அடுத்து எழுதியதை வீரத்துக்காகவோ நேர்மைக்காகவோ அவர் எழுதவில்லை. அவருக்குத் தெரிந்த விடை அது ஒன்றுதான். பிழையில்லாத ஸ்பானிய மொழியில் எழுதினார்: ஐந்தாவது நட்டு இறுகிவிட்டது.

பெறுபேறு ஜூலைக் கடைசியில் வந்தது. சித்தியடைய நாற்பது வேண்டும். துஷானிக்கு எழுபத்தொன்று. முனாஸுக்கு முப்பத்தாறு. ஆறாவது விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் "கதைக்குப் புறம்பானது" என்று இருந்தது. அடுத்த தொகுதி நிரம்பிவிட்டது, அதற்கடுத்தது ஜனவரியில்.

படியிறங்கும்போது வதனா பின்னால் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"முனாஸ் அண்ணை, அந்தப் புத்தகத்தை நான் போன கிழமைதான் முழுக்க வாசிச்சனான். அது உங்கட கதைதான். எனக்கு விளங்குது. நான் இங்கை அதைச் சொல்லேலாது, அதுவும் உங்களுக்கு விளங்கும்."

"வெளங்குது மிஸ்."

"ஒண்டு கேக்கலாமோ? உண்மையா ஏன் நிண்டது?"

"நாந்தான் சென்னேனே. டயரு..."

"டயரை நான் கேக்கேல்லை. ஆமையைக் கேக்கிறன்."

முனாஸ் வாயைத் திறந்தார். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வதனா அடுத்த தொகுதி மாணவருக்கு அட்டைப்படம் காட்ட மேலே ஏறிப் போனாள்.

ஆகஸ்ட் வந்தது. முனாஸ் காலை வணக்கம் சொன்னார். கவனமாக இறங்கச் சொன்னார். இது உங்களுடைய பை என்றார். துஷானி கழுத்தில் வழிகாட்டி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவருடைய வேன் பயணிகளைக் கூட்டிப் போனாள். இடைக்கிடை வேன் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். "அண்ணே, தந்தத்துக்கு என்னமோ சொல்லுவாங்களே?" அவர் சொல்லிக் கொடுத்தார். துஷானியோடு பேசக் கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை.

ஒரு பின்னேரம், முழங்கால் வலியென்று ஒரு ஸ்பெயின் கிழவர் வேனை விட்டு இறங்கவில்லை. வாவியைப் பார்த்தபடி பின் ஆசனத்தில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். பின்னட்டையைப் பார்த்தார். மறுபடி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். அட்டையில் ஆமை இருந்தது.

"இ தெஸ்புவேஸ்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"காலை வணக்கம்" என்றார் முனாஸ். நேரம் நாலு மணி.

கிழவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தமுறை அவரைப் பார்த்தே கேட்டார். "இ தெஸ்புவேஸ்?"

முனாஸ் வேனை விட்டு இறங்கினார். முன் வலது டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். பின் வலது. பின் இடது. முன் இடது. நாலிலும் காற்று நிறைய இருந்தது. இறுக்குவதற்கு ஒரு நட்டும் இல்லை.

மறுபடி ஏறி, ஜன்னல் கண்ணாடியை மேலே உயர்த்திவிட்டு, பின்னால் திரும்பி உட்கார்ந்தார்.

"அன்றைக்கு நடு வாவிக்குப் போன பிறகுதான் ஆமை பார்த்தது" என்று ஸ்பானிய மொழியில் தொடங்கினார். "முதுகில் விளக்கு இருக்கிறது. ஆனால் அதை யாரும் ஏற்றவில்லை. ஏற்றவேண்டிய பெரிய மனிதர் இன்னும் வரவில்லையாம்."

கிழவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார்.

"இ தெஸ்புவேஸ்?"